நகரும் வேலி: ரசனையும் படிப்பும் வர்க்கமாகும் விதம்

பிரிட்டனில் ‘ஹூ’ஸ் ஹூ’ என்ற தடித்த புத்தகம் ஒன்று ஆண்டுதோறும் வெளிவருகிறது. அமைச்சர்கள், நீதிபதிகள், தளபதிகள், பெரிய நிறுவனங்களின் தலைவர்கள் எனச் செல்வாக்கு உள்ளவர்களின் விவரத் தொகுப்பு அது. பிறந்த ஆண்டு, படித்த பள்ளி, வகித்த பதவி எல்லாம் முடிந்தபின் ‘பொழுதுபோக்கு’ என்று ஒரு வரி வரும். அதை அவரவரே எழுதித் தருகிறார்கள். சாம் ஃப்ரீட்மன், ஆரோன் ரீவ்ஸ் என்ற இரு சமூகவியலாளர்கள், 19ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளிலிருந்து 2016 வரை இடம்பெற்ற 70,000-க்கும் மேற்பட்டவர்களின் குறிப்புகளில் இந்த வரியைப் பிடித்துக்கொண்டு ஆராய்ந்தார்கள். 2020-இல் முடிவு வெளியானது.

தொடக்க காலத்தில் அந்த வரியை நிரப்பியவை வேட்டை, குதிரையேற்றம், போலோ. பரந்த நிலமும், ஏவலுக்கு ஆட்களும், உழைக்கத் தேவையில்லாத பகல் பொழுதும் உள்ளவர்களுக்கே கைகூடும் காரியங்கள். 20ஆம் நூற்றாண்டு நகர நகர, நாடகம், ஓப்பரா, செவ்வியல் இசை, ஓவியம் ஆகியவை முன்னுக்கு வந்தன. அப்புறம், கடந்த சில பத்தாண்டுகளில், இந்த உயர்கலைகளுக்குப் பக்கத்திலேயே குடும்பத்தோடு இருப்பது, நண்பர்களைச் சந்திப்பது, செல்லப் பிராணி வளர்ப்பது என்று எல்லோரும் செய்கிற காரியங்களும் இடம்பிடித்தன. எழுதியவர்களின் பதவியும் அதிகாரமும் எந்தக் கட்டத்திலும் குறையவில்லை. தங்களை உலகுக்கு எப்படிக் காட்டிக்கொள்வது என்பதுதான் மாறியிருக்கிறது.

இந்த மாற்றம் ஏன் நடக்கிறது என்று யோசித்தால், வர்க்கம் என்பது வெறும் வருமானக் கணக்கு இல்லை என்பது புலப்படும். பணம் ஒரு தலைமுறைக்குள் வரலாம், போகலாம். ஆனால் ‘இவர் நம்மைச் சேர்ந்தவர்’ என்று ஒரு வட்டம் ஒருவரை ஏற்றுக்கொள்வதற்குப் பணம் மட்டும் போதாது. ஜெர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் நூறு ஆண்டுகளுக்கு முன்பே சந்தையில் ஒருவரின் நிலையையும் சமூகத்தில் அவருக்குள்ள மதிப்பையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தார். முதலாவது சொத்தையும் சம்பாத்தியத்தையும் பொறுத்தது. இரண்டாவது வாழும் முறையைப் பொறுத்தது: என்ன உடுத்துகிறோம், எப்படிப் பேசுகிறோம், யாரோடு பழகுகிறோம், எதைப் பார்த்து முகம் சுளிக்கிறோம்.

முன்பெல்லாம் நம்மவர், பிறர் என்று பிரிக்கும் இந்த வேலியைச் சட்டமே போட்டுக்கொடுத்தது. இங்கிலாந்தில் 1363-இல் வந்த ஒரு சட்டம், யார் எந்தத் துணியை உடுத்தலாம் என்று வகுப்புவாரியாக எழுதிவைத்தது. ஏர் ஓட்டுபவரும் மாடு மேய்ப்பவரும் முரட்டுக் கம்பளித் துணியோடு நிற்க வேண்டும். முதலாம் எலிசபெத் காலத்தில், 1574-இல் வந்த அரசாணை, ஊதாநிறப் பட்டுத் துணியை அரச குடும்பத்துக்கென்று ஒதுக்கியது. வணிகத்தில் சம்பாதித்தவர்கள் பிரபுக்களைப் போல உடுத்த ஆரம்பித்ததுதான் இத்தகைய ஆணைகளுக்கு ஒரு முக்கியக் காரணம். பார்த்த மாத்திரத்தில் யார் யார் என்று தெரியாமல் போய்விடுமே என்ற பயம். 1604-இல் இந்தச் சட்டங்கள் நீக்கப்பட்டன. அதற்குப் பிறகும் ஊதா எளிதில் எட்டாத நிறமாகவே இருந்தது, விலை காரணமாக. 1856-இல் வில்லியம் பெர்கின் என்ற 18 வயது இளைஞர், மலேரியாவுக்கான கொய்னாவைச் செயற்கையாகத் தயாரிக்கப் போய், தற்செயலாக ஒரு ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்தார். ராஜாக்களின் நிறம் ஆலையில் தயாராகிக் கடைகளுக்கு வந்துவிட்டது. அதன்பின் ஊதா உடுத்தியவரைப் பார்த்து யாரும் அரச குடும்பம் என்று நினைக்கவில்லை.

சட்டம் போனது, விலை வேலியானது. விலையையும் தொழிற்சாலை உடைத்தது. அப்போது வேலி எங்கே போனது?

அமெரிக்கப் பொருளாதார அறிஞர் தோர்ஸ்டீன் வெப்ளன் 1899-இல் இதற்கு ஒரு கரண்டியை எடுத்துக்காட்டினார். கையால் அடித்துச் செய்த வெள்ளிக் கரண்டி ஒன்று. அன்றைய விலை பத்திலிருந்து இருபது டாலர். இயந்திரத்தில் செய்த அலுமினியக் கரண்டி ஒன்று. பத்து இருபது சென்ட். வாய்க்குக் கொண்டுபோகிற வேலையை இரண்டுமே ஒரே மாதிரிதான் செய்கின்றன. வெள்ளிக் கரண்டி அழகாக இருக்கிறது என்று சொல்வோம். சரி, அது கைவேலை இல்லை, வெகு திறமையாகச் செய்த போலி என்று தெரியவந்தால்? வடிவமும் பளபளப்பும் அப்படியேதான் இருக்கும். ஆனாலும் நமக்குக் கிடைத்த இன்பத்தில் எண்பது, தொண்ணூறு சதவீதம் அந்த நொடியே வடிந்துவிடும் என்கிறார் வெப்ளன். நாம் ரசித்தது அழகை என்று மனசார நம்பியிருந்தோம். அதற்கு அடியில், இதைச் செய்ய எத்தனை மணி நேரம் ஒருவர் குனிந்து உழைத்திருப்பார், அதை வாங்க எவ்வளவு வசதி வேண்டும் என்ற கணக்கும் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. நாம் பொய் சொல்லவில்லை. அந்தக் கணக்கு நம் கண்ணுக்குள்ளேயே கலந்துவிட்டது.

வெப்ளன் பேசியது பெரும்பாலும் பகட்டு நுகர்வைப் பற்றி, அதாவது பிறர் பார்க்க வேண்டும் என்பதற்காகச் செய்யும் செலவைப் பற்றி. ஆனால் பகட்டுக்கு எப்போதும் ஓர் ஆபத்து உண்டு. ‘அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான்’ என்கிறோமே, அந்தப் பழமொழியில் யார் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று கவனியுங்கள். குடை வாங்கும் காசு அவனிடம் வந்துவிட்டது. அதை எப்போது விரிப்பது, எப்போது மடிப்பது என்ற நுட்பம் வரவில்லை. சிரிக்கிறவர்களுக்கு அது தெரியும், யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரியும். புதுப்பணக்காரர் எல்லா மொழியிலும் கேலிப்பொருளாவதன் காரணம் இதுதான். பொருளைக் கைப்பற்றிவிடலாம், அதைக் கையாளும் பழக்கத்தைக் கைப்பற்ற ஒரு பிள்ளைப்பருவமே தேவைப்படுகிறது. வேலி அங்கே நகர்ந்துவிட்டது. விலை கொடுத்து உடனே வாங்க முடிவது எதுவோ அது அடையாளமாக நீடிப்பதில்லை. காலம் கொடுத்துத்தான் வாங்க முடியும் என்பது எதுவோ, அதுவே நிலைக்கிறது.

ஜெர்மானியச் சமூகவியலாளர் கியோர்க் சிம்மல் இதன் ஓட்டத்தை விவரித்தார். மேலே இருப்பவர்கள் ஒரு பாணியை எடுக்கிறார்கள். கீழே இருப்பவர்கள் அதைப் பின்பற்றுகிறார்கள். பின்பற்றியதும் மேலே இருப்பவர்கள் அதைக் கைவிட்டு அடுத்ததற்குத் தாவுகிறார்கள். ஆடையைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் சரி. ஆனால் சில சமயம் புதிதாக எதற்கும் தாவாமல், பழைய பொருளையே மேலே தூக்கிக்கொண்டு போய்விடுவதும் உண்டு. எனக்கு அதுதான் இன்னும் ஆச்சரியமானது.

19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் அமெரிக்காவில் ஷேக்ஸ்பியர் நாடகங்கள் பாமர மக்களின் கொண்டாட்டமாக இருந்தன. சுரங்கத் தொழிலாளர்கள் வாழ்ந்த ஊர்களில் மேடையேறின. இடைவேளையில் பாட்டும் கோமாளித்தனமும் உண்டு. பார்வையாளர்கள் கத்துவார்கள், வசனத்தை நடிகரோடு சேர்ந்து சொல்வார்கள், பிடிக்காவிட்டால் கையில் இருப்பதை வீசுவார்கள். 1849 மே 10 அன்று நியூயார்க்கின் ஆஸ்டர் பிளேஸ் அரங்குக்கு வெளியே பெரிய கலவரம் மூண்டது. உள்ளே ஆங்கிலேய நடிகர் மக்ரெடி ஷேக்ஸ்பியரின் மக்பெத் வேடத்தில் நடித்துக்கொண்டிருந்தார். வெளியே திரண்டிருந்தவர்களில் பெரும்பாலோர் அமெரிக்க நடிகர் ஃபாரஸ்டின் ரசிகர்கள், உழைக்கும் வர்க்கத்தினர். படையினர் சுட்டதில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஒரு நாடக நடிகருக்காகத் தெருவில் உயிர்விட்ட அந்த மக்களின் பேரப்பிள்ளைகள் காலத்தில், அதே ஷேக்ஸ்பியர் ‘படித்தவர்கள் சமாச்சாரம்’ ஆகியிருந்தார். வசனம் ஒன்றும் மாறவில்லை. அரங்கம் மாறியது, நுழைவுக் கட்டணம் மாறியது, வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும் என்ற விதி வந்தது, வகுப்பறையில் உரை எழுதிப் படிக்கும் பாடமாயிற்று.

பாஸ்டன் நகரில் இதே மாற்றம் எப்படி நிகழ்ந்தது என்பதை பால் டிமாஜியோ என்ற ஆய்வாளர் படிப்படியாகக் காட்டியிருக்கிறார். 1870-இல் நிறுவப்பட்ட நுண்கலை அருங்காட்சியகம், 1881-இல் ஹென்றி லீ ஹிக்கின்சன் என்ற செல்வந்தர் தொடங்கிய சிம்பனி இசைக்குழு. இவற்றுக்கு முன்பு, நல்ல ஓவியமும் விநோதப் பொருள்களும் ஒரே கூடத்தில் இருந்தன; உயர்ந்த இசையும் ஜனரஞ்சக இசையும் ஒரே கச்சேரியில் கலந்து ஒலித்தன. நகரத்தின் பெரிய குடும்பங்கள் பணம் போட்டு அமைப்புகளை உருவாக்கின. ‘கலை’ இந்தப் பக்கம், ‘பொழுதுபோக்கு’ அந்தப் பக்கம் என்று பிரிந்தது. அந்தப் புரவலர்கள் இசையை நேசிக்கவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. உண்மையாகவே நேசித்தார்கள். அந்த நேசத்துக்கு அவர்கள் கட்டிய வீட்டுக்கு வாசல் குறுகலாக அமைந்தது.

இப்படிக் கட்டப்பட்டவை ஒரு தலைமுறைக்குப்பின் இயற்கையாகத் தோன்ற ஆரம்பிக்கின்றன. இந்தத் ‘தோன்றுதல்’ எப்படி உண்டாகிறது என்பதற்குத்தான் பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியு தன் வாழ்நாளில் பெரும்பகுதியைச் செலவிட்டார். 1960களில் அவர் குழு 1,217 பேரிடம் கேள்விகள் கேட்டது. அதன் அடிப்படையில் அமைந்த பெரிய நூல் 1979-இல் வந்தது. கேள்விகளில் ஒன்று: கீழ்க்கண்டவற்றைப் படம் எடுத்தால் அழகான புகைப்படம் கிடைக்குமா? பட்டியலில் சூரிய அஸ்தமனமும் இருந்தது, முட்டைக்கோஸும் இருந்தது, விபத்துக்குள்ளான காரும் இருந்தது. படிப்பு குறைந்தவர்கள் அஸ்தமனம் அழகு என்றார்கள். முட்டைக்கோஸில் படம் எடுக்க என்ன இருக்கிறது என்றார்கள். படிப்பு ஏற ஏற, அஸ்தமனம் சலித்துப்போன விஷயமாகவும், சாதாரணப் பொருளும் நல்ல படமாகலாம் என்றும் பதில்கள் வந்தன. எந்தப் பொருளையும் அதன் பயனிலிருந்து பிரித்து வடிவமாகப் பார்க்கிற கண் அது. அந்தக் கண் பிறவியில் வருவதில்லை. அன்றாடத் தேவைகள் கழுத்தை நெரிக்காத வீட்டில், படங்களைப் பற்றிப் பேசும் பெரியவர்களுக்கு நடுவே வளர்ந்தால் வருகிறது.

பூர்தியு இதைப் பண்பாட்டு மூலதனம் என்றார். உடலோடும் மனத்தோடும் ஒட்டிய பழக்கமாக அது இருக்கலாம்: பேச்சு, நடை, ரசனை. புத்தகம், ஓவியம், இசைக்கருவி போன்ற பொருளாக வீட்டில் இருக்கலாம். அரசும் பல்கலைக்கழகமும் முத்திரை குத்தித் தரும் பட்டமாகவும் இருக்கலாம். இவற்றில் முதல் வகைதான் மற்ற இரண்டுக்கும் சாவி. வீடு நிறையப் புத்தகம் இருந்தும் அதை எடுத்துப் படிக்கும் பழக்கம் இல்லாவிட்டால் அது மரச்சாமான்தான். இந்த முதல் வகையை உயில் எழுதி மகளுக்குக் கொடுக்க முடியாது, கடையில் வாங்கவும் முடியாது. வருடக்கணக்கில், யாரும் பாடம் நடத்தாமல், வீட்டுக் காற்றிலிருந்து உறிஞ்ச வேண்டும். ‘குலவித்தை கல்லாமல் பாகம் படும்’ என்ற பழமொழி சொல்வது இதைத்தான். அது எப்படிக் கற்கப்பட்டது என்பதே கற்றவருக்கும் நினைவிருப்பதில்லை. அதனால் பார்ப்பவர்கள் அதைத் திறமை என்கிறார்கள், பிறவிக்குணம் என்கிறார்கள்.

பள்ளிக்கூடம் இந்த இடத்தில்தான் நுழைகிறது. பள்ளி எல்லோருக்கும் ஒரே பாடத்தை நடத்துகிறது, ஒரே வினாத்தாளைத் தருகிறது. ஆனால் அது எதிர்பார்க்கும் மொழி, கேள்வி கேட்கும் துணிவு, பெரியவர்களோடு பேசும் இலகு ஆகியவற்றை அது கற்றுத்தருவதில்லை. வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும் என்று எடுத்துக்கொள்கிறது. அமெரிக்க ஆய்வாளர் அனெட் லரோ 12 குடும்பங்களோடு நெருங்கிப் பழகி, பத்து வயதை ஒட்டிய பிள்ளைகள் வளரும் விதத்தை எழுதினார். 2003-இல் வெளியான அந்த ஆய்வில் ஒரு காட்சி என் மனத்தை விட்டுப் போகவில்லை. வசதியான வீட்டுத் தாய் ஒருவர், மருத்துவரிடம் போகும் வழியில் காரில் வைத்து மகனிடம், டாக்டரிடம் என்ன கேட்கப்போகிறாய் என்று யோசித்துக்கொள், எதை வேண்டுமானாலும் கேட்கலாம் என்கிறார். உள்ளே போனதும் பையன் கேள்வி கேட்கிறான். டாக்டர் பேசும்போது குறுக்கிட்டுத் திருத்துகிறான். டாக்டரும் அதைக் கவனமாகக் கேட்டுக்கொள்கிறார். உழைக்கும் வர்க்கத்து வீடுகளில் பெற்றோர் பாசத்தில் குறைந்தவர்கள் இல்லை. பிள்ளைகள் சொந்தக்காரர்களோடு நெருக்கமாக, சுதந்திரமாக விளையாடி வளர்கிறார்கள். சோர்ந்துபோய் இருப்பதும் குறைவு. ஆனால் டாக்டர், ஆசிரியர் போன்றவர்களுக்கு முன்னால் பெற்றோரே தயங்கி, குரல் தாழ்ந்து நிற்கிறார்கள். பிள்ளை அதையும் கற்றுக்கொள்கிறது.

பத்து நிமிட மருத்துவ ஆலோசனை அது. ஆனால் அப்படி எத்தனை பத்து நிமிடங்கள்! ஆசிரியரிடம், பயிற்சியாளரிடம், வங்கியில், கல்லூரி அலுவலகத்தில். பல ஆண்டுகள் கழித்து, அந்தப் பிள்ளைகள் இருபது வயதை ஒட்டி இருந்தபோது லரோ மறுபடி போய்ப் பார்த்தார். இடைவெளி மூடவில்லை.

‘எல்லோரையும் படிக்க வைத்தால் சரியாகிவிடும்’ என்ற நம்பிக்கை எனக்கும் பிடித்தமானது. படிப்பு கோடிக்கணக்கானவர்களின் வாழ்க்கையை மாற்றியிருக்கிறது, அதைக் குறைத்துச் சொல்லவே கூடாது. ஆனால் படிப்பு பரவப் பரவ வேலியும் கூடவே நகர்கிறது. 1925-இலேயே எட்மோன் கோப்லோ என்ற பிரெஞ்சு அறிஞர் இதற்கு அழகான ஒரு படிமத்தைத் தந்தார்: தடுப்பும் சமதளமும். பள்ளியிறுதிச் சான்றிதழும் அதிலிருந்த லத்தீனும் வெளியே நிற்பவர்களுக்குத் தடுப்பு; தாண்டி உள்ளே வந்தவர்களுக்கு, நாமெல்லாம் சமம் என்று சொல்லிக்கொள்ள ஒரு தளம். லத்தீன் தெரிந்து அன்றாடத்தில் ஆகப்போவது அதிகமில்லை. உடனடியாகப் பயன்படாத ஒன்றைக் கற்பதற்குச் செலவிட ஆண்டுகள் இருந்தன என்பதே அதன் மதிப்பு.

அதே பட்டம் எல்லோர் கைக்கும் வந்தால், அதன் மதிப்பு இறங்குகிறது. முன்பு பள்ளியிறுதி கேட்ட வேலை இப்போது பட்டம் கேட்கிறது. பட்டம் கேட்ட வேலை முதுகலை கேட்கிறது. வேலை அதே வேலைதான். அமெரிக்கச் சமூகவியலாளர் ராண்டல் காலின்ஸ் 1979-இல் சான்றிதழ்களின் இந்தப் பணவீக்கத்தை விரிவாக எழுதினார். அயர்லாந்தின் தரவுகளை வைத்து ராஃப்டரி, ஹவுட் என்ற இரு சமூகவியலாளர்கள் 1993-இல் காட்டியது இன்னும் உறுத்தலானது. கல்வி வாய்ப்பு விரியும்போது மேல்தட்டுப் பிள்ளைகளில் ஏறக்குறைய எல்லோரும் ஒரு படியைத் தொட்டு முடித்த பிறகுதான், அந்தப் படியில் மற்றவர்களுக்கும் அவர்களுக்கும் உள்ள இடைவெளி குறையத் தொடங்குகிறது. அதற்குள் போட்டி அடுத்த படிக்குப் போய்விடுகிறது. எத்தனை வருடம் படித்தாய் என்ற கேள்வி போய், எங்கே படித்தாய், எந்தத் துறை, என்ன பயிற்சி என்று கேள்வி நுணுகிக்கொண்டே போகிறது.

பட்டம் ஒன்றாகவே இருந்தாலும் கதை முடிவதில்லை. லாரன் ரிவெரா என்ற ஆய்வாளர் அமெரிக்காவின் முதல்நிலைச் சட்ட நிறுவனங்கள், முதலீட்டு வங்கிகள், ஆலோசனை நிறுவனங்களில் ஆள் எடுப்பவர்கள் 120 பேரிடம் பேசினார். நேர்காணலில் எதை முக்கியமாகப் பார்க்கிறீர்கள் என்றால், பாதிக்கும் மேற்பட்டவர்கள், ‘எங்களோடு ஒத்துப்போவாரா’ என்பதையே முதலில் வைத்தார்கள். ஒத்துப்போவது என்பது நடைமுறையில் என்ன? ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள் என்ற கேள்விக்கு வரும் பதிலில் இருவருக்கும் பொதுவான விளையாட்டோ பயணமோ தென்பட்டு, எதிரே இருப்பவரின் முகம் மலர்வது. அந்தப் பெண்ணோ பையனோ ஓய்வு நேரத்தில் பகுதிநேர வேலைக்குப் போயிருந்தால், தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தால், அந்த நொடியில் பேசுவதற்கு ஒன்றுமில்லாமல் போகிறது. யாரும் அவமதிப்பதில்லை. யாரும் பொய் சொல்வதும் இல்லை. ‘நல்ல பிள்ளை, ஆனால் ஏதோ ஒட்டவில்லை’ என்று உண்மையாகவே தோன்றுகிறது. பிரிட்டனில், உழைக்கும் வர்க்கத்திலிருந்து உயர்பதவிகளுக்கு வந்தவர்கள், அதே வகைப் பதவிகளில் உள்ள வசதியான குடும்பத்தினரைவிடச் சராசரியாக 16 சதவீதம் குறைவாகச் சம்பாதிக்கிறார்கள் என்று ஃப்ரீட்மனும் லாரிசனும் 2019-இல் கணக்கிட்டார்கள். வாசலைத் தாண்டி வந்த பிறகும் உள்ளே இன்னொரு வேலி.

இப்போது அந்தப் பொழுதுபோக்கு வரிக்குத் திரும்பலாம். 1990களில் ரிச்சர்ட் பீட்டர்சன் என்ற சமூகவியலாளர், அமெரிக்காவின் படித்த மேல்தட்டினர் செவ்வியல் இசையை மட்டும் கேட்பதை விட்டு நாட்டுப்புற இசை, ராக், ப்ளூஸ் எல்லாவற்றையும் விரும்பிக் கேட்கிறார்கள் என்று கண்டறிந்தார். வேலி விழுந்துவிட்டது என்று பலர் மகிழ்ந்தார்கள். ஆனால் எல்லாவற்றையும் ரசிப்பதற்குப் பரந்த அறிமுகம் வேண்டும். இதிலிருந்து அதற்கு இலகுவாகத் தாவத் தெரிய வேண்டும். எதை எந்தச் சபையில் சொல்லலாம் என்ற நிதானம் வேண்டும். ஒன்றை மட்டும் ரசிப்பவர் இப்போது ‘குறுகிய ரசனை’ உள்ளவர் ஆகிவிடுகிறார். முன்பு மேலிருப்பவர்கள் பாமர ரசனையைத் தள்ளிவைத்தார்கள். இப்போது தங்கள் பட்டியலில் ஒன்றாகச் சேர்த்துக்கொள்கிறார்கள்.

செலவும் கண்ணுக்குத் தெரியாத பக்கம் திரும்பியிருக்கிறது. எலிசபெத் கரிட்-ஹால்கெட் என்ற ஆய்வாளர் 2017-இல் எழுதியதுபோல, பெரிய காரும் கைப்பையும் கடனில்கூட வாங்கக் கூடியவையாக ஆனபின், மேலே இருப்பவர்களின் பணம் பிள்ளைகளின் கல்வி, உடல்நலம், வீட்டு வேலைக்கு ஆள், ஓய்வுக்காலச் சேமிப்பு ஆகியவற்றுக்குப் போகிறது. பகட்டாகத் தெரியாத செலவு. அத்தனையும் நேரமாக மாறி, அடுத்த தலைமுறையின் உடலிலும் மூளையிலும் சேர்கிறது.

எல்லா ஊரிலும் ரசனைக்கு ஒரே எடை இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். சமூகவியலாளர் மிஷேல் லமோன் பிரான்ஸிலும் அமெரிக்காவிலும் 160 பேரைப் பேட்டி கண்டு, பிரெஞ்சுக்காரர்கள் பண்பாட்டை வைத்துப் பிறரை அளக்கும் அளவுக்கு அமெரிக்கர்கள் அளப்பதில்லை, அங்கே பணமும் வெற்றியும் நேர்மையும் அதிகம் பேசும் என்று காட்டினார். பூர்தியு தன் நாட்டை உலகமாக எடுத்துக்கொண்டார் என்ற விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது.

ஆனால் வேலியைத் தாண்டியவரின் உடலுக்குள் என்ன நடக்கிறது என்பதில் அவரளவுக்கு நெருங்கி எழுதியவர்கள் குறைவு. ‘தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்’ என்போம். நாம் வளர்ந்த சூழல் ஒரு உலகத்துக்கு ஏற்ப நம்மை வார்க்கிறது. பிறகு வேறொரு உலகத்தில் போய் வாழ நேர்கிறது. பழைய இடத்துக்குப் போனால் பேச்சு மாறிவிட்டது என்கிறார்கள். புதிய இடத்தில் எந்த நேரத்திலும் கண்டுபிடித்துவிடுவார்கள் என்ற பதற்றம் விடுவதில்லை. இரண்டாகப் பிளந்த சுபாவம் என்று பூர்தியு இதைச் சொன்னார். தன்னையும் அதில் சேர்த்தே சொன்னார்.

அவர் பிரான்ஸின் தென்மேற்கில் ஒரு கிராமத்தில் 1930-இல் பிறந்தவர். தாத்தா குத்தகை விவசாயி, அப்பா தபால் ஊழியர். உதவித்தொகையும் விடுதிப் படிப்புமாக மேலே வந்து, 1981-இல் நாட்டின் மிக உயர்ந்த அறிவு மன்றமான கொலேஜ் து பிரான்ஸில் பேராசிரியராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1982-இல் தொடக்க உரை. அவர் தேர்ந்தெடுத்த பொருள் தொடக்க உரை என்கிற சடங்கேதான்: ஒருவருக்கு அதிகாரம் வழங்கும் அந்த விழாவை, அதன் நடுவில் நின்றுகொண்டே ஆராய்வது. பேசிக்கொண்டிருக்கும்போதே, பாதியில் நிறுத்திவிட்டு மேடையை விட்டுப் போய்விடலாமா என்று தோன்றியதாகப் பின்னாளில் எழுதினார். அண்மையில் இறந்துபோன அப்பாவின் நினைவு அந்த நாள் முழுக்க அவரோடு இருந்தது. எதிரே அவையில் அறிஞர்கள் உட்கார்ந்திருந்தார்கள். எழுதிக் கொண்டுவந்த உரையை அவர் கடைசிவரை படித்து முடித்தார்.